முதல் வகுப்பு இருந்த இடம்

புதுச்சேரியில் மெட்ரோ கிடையாது. எழும்பூர் வரை ரயிலில் போய், அங்கே தரைக்கடியில் இறங்கினால்தான் நமக்கு அது. ஆனால் சென்னை மெட்ரோவின் முதல் ரயில்களைச் செய்தது அல்ஸ்டாம் என்ற பிரெஞ்சு நிறுவனம். எனவே கதையைப் பாரிஸிலிருந்து தொடங்கலாம்.

1900இல் பாரிஸ் மெட்ரோ ஓடத் தொடங்கியபோதே அதில் முதல் வகுப்பு இருந்தது. சமத்துவம் என்ற சொல்லை நாணயத்திலேயே பொறித்த நாடு, அதை 1991 வரை விட்டுவைத்தது! 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே சென்னை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது இங்கேயும் முதல் வகுப்பு வந்தது. கட்டணம் இரட்டிப்பு.

இந்த ரயில் நின்று போவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. நான்கு பெட்டிகளில் ஏறக்கூடிய சுமார் 1,276 பேரில் ஏறத்தாழ 176 பேருக்குத்தான் இருக்கை. இருக்கைகளைச் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் கம்பியும் கைப்பிடியும் வைத்திருக்கிறார்கள். ஆள்மேல் ஆள் படுவது பெரிய விஷயமில்லை என்று நினைக்கும் உடலை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. படாமல் போகும் வசதி காசுள்ளவருக்குக் கிடைத்தது. முதல் வகுப்பில் கூட்டம் சேரவில்லை. 2020 நவம்பரில் அந்த இடம் பெண்களுக்கானதாக மாறியது. பெண்களின் தேவையைவிட, காலியாகக் கிடந்த இருக்கைகளே அதைச் சாத்தியமாக்கின என்று எனக்குத் தோன்றுகிறது.

புறநகர் ரயிலில் பெண்கள் பெட்டிக்குச் சுவர் உண்டு. மெட்ரோவிலோ ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நடந்தே போகலாம். கூட்டம் பரவுவதற்கும், சுரங்கத்தில் ரயில் நின்றால் பயணிகள் ஒரு முனைவரை நடந்து வெளியேறுவதற்கும் இந்த வழி வேண்டும். அதே வழியில் ஆண்களும் நடந்து வரலாம். டெல்லி மெட்ரோ 2010 அக்டோபரில் முதல் பெட்டியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோதும் எல்லை என்பது இளஞ்சிவப்பு அறிவிப்புதான்; மீறினால் 250 ரூபாய் அபராதம்.

அதற்காகச் சுவர் கேட்க எனக்கு மனமில்லை. இரவு பத்து மணிக்குமேல் காலியான பெண்கள் பெட்டியில் தனியாகப் போனவளுக்கு, சுவர் யாரை அடைக்கிறது என்று தெரியும். திறந்த பெட்டியில் நம்மை நாலு பேர் பார்க்கிறார்கள். அது தொல்லையும்தான், துணையும்தான்.

2015இல் ஆலந்தூரிலிருந்து புறப்பட்ட முதல் ரயிலை ஓட்டியவர் ஒரு பெண். 2024 அக்டோபரில் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வெளிவந்த இரண்டாம் கட்ட ரயிலுக்கு ஓட்டுநர் தேவையில்லை.