நாடுகளுக்கு நடுவே ஒரு தராசு

அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தை எமது மதரஸாவில் நடத்திக்கொண்டிருந்தபோது, ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன் ஒரு வினா எழுப்பினான்: “கடைக்காரர் குறைத்து நிறுத்தால் தட்டிக்கேட்கலாம். ஒரு நாடே இன்னொரு நாட்டுக்குக் குறைத்து நிறுத்தால் யாரிடம் போவது, உஸ்தாத்?” அவனுக்கு நாம் சொன்ன விடையையே இங்கு விரித்து எழுதுகிறோம்.

நாடுகளுக்கிடையே வரி முறை வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. அந்நிய வணிகரிடம் எவ்வளவு வரி வாங்குவது என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) வினவியபோது, நம் வணிகரிடம் அவர்கள் எவ்வளவு பெறுகிறார்களோ அவ்வளவே பெறுமாறு கலீஃபா உமர் (ரலி) பணித்ததை இமாம் அபூ யூசுஃப் தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். கொடுக்கல் வாங்கலில் சமநிலை பேணுவதே அதன் கருத்து.

நம் காலத்தில் இத்தகைய முறை 1947-இல் ‘காட்’ எனும் உடன்படிக்கையாக உருவெடுத்தது. அதில் முதலில் இணைந்த 23 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மர்ராகிஷ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு ஜெனீவாவில் பிறந்தது. வழக்குகளை விசாரிக்கக் குழுக்களும், அவற்றுக்கு மேல் மேல்முறையீட்டு அமைப்பும் ஏற்பட்டன.

இதற்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு? ராஜபாளையம் மில்ஸ் 1936-இல் தொடங்கப்பட்டது முதல் இவ்வூர் பஞ்சையும் நூலையும் நம்பி வாழ்கிறது. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர்பெற்றது. துணி கடல் கடந்து விற்றால்தான் நூல் விற்கும். நூல் விற்றால்தான் இங்கு அடுப்பெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் அதே ஜெனீவா விதிகளே வேர். அவ்வமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையை ஒட்டியே இந்தியா 1999-இல் அதற்கான சட்டத்தை இயற்றியது.

மாணவனின் வினாவுக்கு நேரான விடை ஒரு படுக்கை விரிப்பு வழக்கில் உள்ளது. 1997 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியா, எகிப்து, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் பருத்திப் படுக்கை விரிப்புகள் மீது கூடுதல் வரி விதித்தது. உள்நாட்டு விலையைவிடக் குறைந்த விலைக்கு இங்கே கொண்டுவந்து குவிக்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. அதைக் கணக்கிட்ட விதத்தில்தான் சூட்சுமம் இருந்தது.

இரண்டு வகை விரிப்புகளைச் சம அளவில் விற்றதாகக் கொள்வோம். ஒன்றை உள்நாட்டு விலையைவிடப் பத்து ரூபாய் குறைத்தும், மற்றொன்றைப் பத்து ரூபாய் கூட்டியும் வெளிநாட்டில் விற்கிறோம். இரண்டையும் சேர்த்தால் வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் கூடுதலாக விற்ற பத்தைச் சுழியாக வைத்து, குறைத்து விற்ற பத்தை மட்டும் கணக்கில் ஏற்றினர். இதற்கு ‘ஜீரோயிங்’ என்று பெயர். தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை வைப்பதற்கு இது ஒப்பாகும்.

இந்தியா 1998-இல் வழக்குத் தொடுத்தது. 2000 அக்டோபரில் விசாரணைக் குழுவும், 2001 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பும் இக்கணக்கு முறை தவறென்று தீர்ப்பளித்தன. வளரும் நாட்டின் மீது வரி விதிக்குமுன் மாற்று வழிகளை ஆராய வேண்டிய கடமையிலும் ஐரோப்பிய ஒன்றியம் தவறியது என்றது குழு. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்த வரி நிறுத்திவைக்கப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவின் இதே முறைக்கு எதிராகப் பல நாடுகள் வழக்காட இத்தீர்ப்பு வழிகாட்டியாயிற்று.

எனினும் 1997 முதல் 2001 வரை அந்த வரியின் சுமையோடுதான் நம் ஏற்றுமதியாளர்கள் வணிகம் செய்தனர். தாமதமாக வந்த நீதி இழந்த கூலியைத் திருப்பித் தருவதில்லை. மேலும், புதிய நீதிபதிகளின் நியமனத்துக்கு அமெரிக்கா உடன்பட மறுத்ததால், 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பு செயலிழந்து கிடக்கிறது. தோற்ற நாடு மேல்முறையீடு என்று சொல்லிவிட்டால் வழக்கு அந்தரத்தில் தொங்கும். தராசு இருக்கிறது, பிடிக்க ஆளில்லை.

இதைக் கேட்ட மாணவன், “அப்படியானால் வலியவன் வைத்ததுதானே எடை?” என்றான். வலியவனையும் ஒருமுறை அத்தராசு நிறுத்திக் கேட்டது என்பதை மறக்க வேண்டாம் என்றோம். நடுவர் இல்லாத சந்தையில் முதலில் நசுங்குபவர் எளியவரே. ஆகவே அத்தராசு மீண்டும் நிமிர வேண்டுமென விரும்புவது நமக்கும் கடமையாகும். அதே வேளை, உலகின் தராசைக் குறைகூறும் நாம், நம் கடைத்தராசை அன்றாடம் சரிபார்த்துக்கொள்கிறோமா என்பதையும் எண்ணிப்பார்ப்போம்.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை பேணும் மக்களாக நம்மை வல்ல நாயன் ஆக்கியருள்வானாக!