செஞ்சந்தனம்: ஒரு மரமும் மாறிய சந்தைகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பகுதிகளின் வறண்ட இலையுதிர் காடுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது செம்மரம். அதன் அழிவை அண்மைக்காலக் கடத்தலோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனினும், இம்மரத்தை நாடிய தொலைதூரச் சந்தை பல நூற்றாண்டுப் பழமையுடையது. காலந்தோறும் அச்சந்தை மரத்திடம் வேண்டிய பொருளே மாறிவந்துள்ளது.

வடமொழியில் ரக்தசந்தனம், தெலுங்கில் எர்ரசந்தனம், தமிழில் செஞ்சந்தனம் என வழங்கினும், சந்தனத்தோடு இதற்குத் தாவரவியல் உறவில்லை; இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சந்தனத்தின் நறுமணமும் இதற்கில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இளைய லின்னேயஸ் இட்ட 'டெரோகார்பஸ் சாண்டலினஸ்' என்னும் பெயரும் அப்பழைய ஒப்புமையையே தாங்கி நிற்கிறது.

இடைக்கால ஐரோப்பா விரும்பியது இதன் செந்நிறத்தை. உணவுக்கு நிறமூட்டவும் துணிக்குச் சாயமேற்றவும் இதன் தூள் பயன்பட்டது. டச்சு வணிகர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து இதனை ஏற்றுமதி செய்தனர். 1856இல் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தபின், இயற்கைச் சாயங்களின் சந்தை படிப்படியாகச் சரிந்தது. ஆயினும் மரத்துக்கு ஓய்வு கிட்டவில்லை. சீனத்தின் உயர்குடி அறைகலன்களும் ஜப்பானின் ஷாமிசென் இசைக்கருவியும் இதன் வைரத்தை வேண்டின. சாயத்துக்குச் சிறு துண்டுகளும் போதும். அறைகலனுக்கோ வைரம் பாய்ந்த முதிர்ந்த அடிமரம் வேண்டும். அது உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே, புதிய தேவை காட்டின் முதிய மரங்களையே குறிவைத்தது.

1995இல் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் இடம்பெற்றது. ஐயுசிஎன் செம்பட்டியல் இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தி, 2018இல் அச்சுறுத்தல் குறைந்த வகைக்கு மாற்றி, பின்னர் மீண்டும் அழியும் நிலை இனமாகவே அறிவித்தது. காட்டு மரத்தின் ஏற்றுமதிக்குத் தடையும் உண்டு. தடை விலையை உயர்த்தியது. உயர்ந்த விலை வறுமைப்பட்ட மலைக் கிராமங்களிலிருந்து வெட்டுக்கூலிகளை ஈர்த்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள்.

வாங்குவோர் கடல்கடந்து இருந்தனர். இலாபம் இடைத்தரகரிடம் தங்கியது. காடும் கூலியாளும் விலை கொடுத்தனர். சாயம், அறைகலன், இசைக்கருவி எனப் பொருள்வழியே எழுதப்படும் செம்மர வரலாறு, அதனை வெட்டிய கைகளையும் சேர்த்து எழுதப்படும்போதே முழுமை பெறும். பாதுகாப்புக் கொள்கைக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.