‘ஆமாம், இல்லை’

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடமொன்றில் அயல்நாட்டுப் பயணி ஒருவர், “இதனிலும் சிறிய நந்தி இல்லையா?” என்று ஆங்கிலத்தில் வினவுவதாகக் கொள்வோம். “எஸ்” என்கிறார் சிற்பி. பயணி சிறிய நந்திக்காகக் காத்து நிற்கிறார். சிற்பியோ உளியை மீண்டும் கையில் எடுத்துவிடுகிறார். “ஆமாம், இல்லை” என்பதே அவர் கருதிய விடை.

நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். அவற்றுள் உடன்படுவது ‘நேர்’, மறுப்பது ‘மறை’. வினாவே எதிர்மறையாக அமைந்துவிட்டால், “ஆமாம், இல்லை” என்பது நேரா, மறையா? வினவியவரை நோக்கினால் நேர். பொருளை நோக்கினால் மறை. தமிழ் முன்னதைப் பற்றி ‘ஆமாம்’ என்கிறது. ஆங்கிலம் பின்னதைப் பற்றி ‘நோ’ என்கிறது. “நான் மீன் உண்பதில்லை” என்பவரிடம் “நானும்தான்” என்று நாம் எளிதாக உடன்படுகிறோம். நமது உம்மை இரண்டிடத்தும் செல்லும். ஆங்கிலத்திலோ ‘மீ டூ’ அங்கே பொருந்தாது. ‘நைதர் டூ ஐ’ என்றே சொல்லவேண்டும்.

இவ்வேறுபாடு வணிகத்தோடு நிற்பதன்று. ஆர்க்காட்டு நவாப் 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். அதன்பின் அங்கு நிலவுரிமை பற்றிய விசாரணைகள் இரு மொழிகளுக்கிடையே நடந்தன. மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட 17 வினாக்களுக்கு எல்லிஸ் துரை எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. “நீர் நிலத்தை விற்கவில்லையா?” என்ற கேள்விக்கு ஒரு மிராசுதாரர் “ஆமாம்” என்று சொல்ல, துபாஷி அதனை ‘எஸ்’ என்று பெயர்த்தால், விற்காத நிலம் ஏட்டில் விற்றதாகிவிடும். ஆங்கில அதிகாரிகள் தமிழ் பயிலும் பொருட்டு எல்லிஸ் 1812இல் சென்னையில் கல்லூரி நிறுவியதன் தேவை இங்கே விளங்கும்.

ஆங்கிலமும் இவ்விடத்தில் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. முன்பு உடன்பாட்டு வினாவுக்கு ‘யே’, ‘நே’ என்றும், எதிர்மறை வினாவுக்கு ‘எஸ்’, ‘நோ’ என்றும் நான்கு சொற்கள் அம்மொழியில் வழங்கின. டிண்டேல் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் ‘நே’ வரவேண்டிய இடத்தில் ‘நோ’ என்று எழுதினார் என 1532இல் தாமஸ் மோர் சாடினார். வேடிக்கை என்னவெனில், அவ்விதியை விளக்கப் புகுந்த மோரே அதற்கு மாறாக எழுதிவிட்டார். பின்னர் நான்கு இரண்டாயின. பிரெஞ்சு ‘ஸி’ என்றும் ஜெர்மன் ‘டோஹ்’ என்றும் எதிர்மறையை மறுப்பதற்குத் தனிச்சொல்லை இன்றளவும் காத்து வருகின்றன.

ஆகவே, “வீட்டுப்பாடம் எழுதவில்லையா?” என்ற ஆங்கில வினாவுக்கு ‘எஸ்’ என்று விடையிறுக்கும் நம் மாணவனைப் பொய்யன் என்றோ மூடன் என்றோ கடிந்துகொள்ளுதல் தகாது. அவன் வினவியவருக்கு உடன்படுகிறான். ஆங்கிலம் செய்தியை மறுக்கச் சொல்கிறது. இதனை எடுத்துச் சொல்லி, ‘நோ, ஐ டிட்ன்ட்’ என முழுத் தொடராக விடை கூறப் பழக்கினால் போதும், ஐயத்துக்கு இடமிராது.