குடியிருப்போர் எண்ணிக்கை வரம்பு (காரைக்கால்)

வாடகை வீட்டில் இத்தனை பேர்தான் தங்கலாம் எனச் சட்டம் வகுக்கும் அளவே குடியிருப்போர் வரம்பு எனப்படும். தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்திருந்தும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்குத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்தாது. புதுச்சேரியின் 1969ஆம் ஆண்டுக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ ஆள் கணக்கு எதையும் வகுக்காமல், உள்வாடகையை, அதாவது வாடகைதாரர் தாம் எடுத்த வீட்டையோ அதன் பகுதியையோ உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவின்றிப் பிறருக்கு விடுவதை, வெளியேற்றத்துக்குரிய காரணமாக்குவதோடு நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீ விபத்தில் வெளியேறும் வழிகளைக் கணக்கிடக் குடியிருப்புகளில் ஆளுக்கு 12.5 சதுர மீட்டர் தளப்பரப்பு எனக் கொண்டாலும், அது கட்டட வடிவமைப்புக்கான அளவுகோலே தவிர, பின்னாளில் ஓர் அறையில் எட்டுப் பாய்கள் விரிக்கப்படுவதைத் தடுப்பதன்று. எனவே ஆள் எண்ணிக்கை நடைமுறையில் வாடகை ஒப்பந்தத்தையே சார்ந்துள்ளது. பேரம் பேச வலுவற்ற வெளியூர்த் தொழிலாளருக்கு அது போதிய காப்பன்று.