ஆளுங்கட்சி பெரும்பான்மை இழத்தல்: 1952, 1967 தேர்தல்கள் – தூத்துக்குடிக் கரையினின்று ஒரு நோக்கு

தென்பாண்டிக் கடற்கரையின் அண்மைக்கால வரலாற்றை ஆராயப் புகுவார்க்குக் காங்கிரசின் வரலாறே முதற்கண் எதிர்ப்படும். 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கழகத்தைத் தோற்றுவித்ததும், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்ததும், அவ்வாண்டிலேயே அவர் சிறைப்பட்டதும் தூத்துக்குடியை விடுதலை இயக்கத்தின் தலையாய ஊர்களுள் ஒன்றாக்கின. அத்தகைய ஊரின் சட்டமன்ற இடமே 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின்பாற் சென்றது. ஊர் மட்டுமன்று, மாநில ஆட்சியே காங்கிரசின் கையினின்று நழுவிற்று. ஆளுங்கட்சியொன்று பெரும்பான்மை இழப்பது யாங்ஙனம் என்னும் வினாவை இக்கரையினின்று நோக்குதல் நம் கருத்து.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று மொழி: 1965 சனவரி 26ஆம் நாள் இந்தி ஆட்சிமொழியாகும் நிலை வந்தபோது மாணவர் கிளர்ந்தெழுந்தனர், பக்தவத்சலம் அரசு அக்கிளர்ச்சியை அடக்கிய முறை ஆறாத புண்ணாயிற்று. மற்றொன்று அரிசி: தட்டுப்பாட்டினால் மக்கள் வாடிய வேளையில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் உறுதிமொழி வீடுதோறும் எட்டிற்று. இரண்டும் மெய்யே. நாம் மறுக்கவில்லை. ஆயினும் மக்கள் காங்கிரசைக் கைவிட்டனர் என்று இவற்றைக் கொண்டு முடிவு கூறுவார் எண்களைச் சற்று நோக்குதல் வேண்டும்.

1962இல் காங்கிரசு பெற்ற வாக்கு நூற்றுக்கு 46.14, இடம் 206இல் 139. 1967இல் பெற்ற வாக்கு நூற்றுக்கு 41.10, இடம் 234இல் 51. அதாவது நூற்றுக்கு ஐந்து வாக்குக் குறைந்தது. இடமோ பாதிக்கும் கீழே வீழ்ந்தது. வாக்களித்தோர் தொகை பெருகியமையால், காங்கிரசுக்கு விழுந்த வாக்குகளின் மொத்தம் 1962ஐ விட 1967இல் கூடியதேயன்றிக் குறையவில்லை. வென்ற கழகம் பெற்ற வாக்கு நூற்றுக்கு 40.69, அஃதாவது தோற்ற கட்சி பெற்றதினும் சிறிது குறைவு. எனினும் அதற்குக் கிடைத்த இடங்கள் 137. அமைச்சருள் பூவராகன் ஒருவர் தவிர ஏனையோர் தோற்றனர்.

முத்துக்குளிப்பில் கரைசேர்ந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணி, அவை வாய் திறவாமுன்னரே ஏலங்கூறுதல் இக்கரையின் பழைய வழக்கம். (இங்கு இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.) சிப்பியின் தொகை கொண்டு முத்தின் தொகையை அறிதல் இயலாது என்பதை ஏலம் எடுத்தோர் நன்கறிவர். வாக்கும் இடமும் அத்தகையனவே.

இதனைத் தெளிய 1952ஆம் ஆண்டிற்குச் செல்லுதல் வேண்டும். ஆந்திரமும் மலபாரும் அடங்கிய அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் இடங்கள் 375. காங்கிரசு ஏறத்தாழ நூற்றுக்கு 35 வாக்குப் பெற்று, 152 இடங்களில் வென்றது. பெரும்பான்மை இல்லை. அன்றும் உணவுத் தட்டுப்பாடு உண்டு. ஆயினும் காங்கிரசே தனிப்பெருங்கட்சி; அடுத்து நின்ற பொதுவுடைமைக் கட்சிக்கு 62 இடங்களே. எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடின. ஆனால் தேர்தல் முடிந்த பின்னரே கூடின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா இராசாசியை அழைத்தார். ஏப்ரலில் பதவியேற்ற இராசாசி, சூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். சூலையில் 151க்கு எதிராக 200 வாக்குகளால் சட்டமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றார். நூற்றுக்கு 35 பெற்ற கட்சி ஆண்டது. 41 பெற்ற அதே கட்சி பதினைந்து ஆண்டுகட்குப் பின் வீழ்ந்தது.

1962ஆம் ஆண்டிலேயே மாநிலத்தில் காங்கிரசுக்கு வாக்களியாதார் பாதிக்கு மேற்பட்டோர். கழகம் 27, சுதந்திராக் கட்சியும் பொதுவுடைமைக் கட்சியும் தனித்தனி ஏறத்தாழ 8 என அவ்வாக்குகள் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒருங்கு சேர்க்க முனைந்தவருள் முதன்மையானவர், 1952இல் காங்கிரசைக் காத்த அதே இராசாசி என்பது வரலாற்றின் விந்தை. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த அவர், 1967இல் அண்ணாவோடு கைகோத்தார்; மார்க்சியப் பொதுவுடைமையரும் அவ்வணியில் இருந்தனர். இம்முறை அவர்கள் கூடியது தேர்தலுக்கு முன்னர். இதன் பயனைத் தூத்துக்குடியிலேயே காணலாம். இவ்வூர் வாக்காளர் கையில் இரண்டு சீட்டுகள். சட்டமன்றத்திற்கு உதயசூரியன், இவ்வூரை உள்ளடக்கிய திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதிக்குச் சுதந்திராக் கட்சியின் விண்மீன். இரண்டிலும் காங்கிரசு தோற்றது. கொள்கையால் வடக்கும் தெற்குமாக நின்ற இருவர்க்கு ஒரே நாளில் ஒரே ஊரார் வெற்றி தந்தனர். அவர்தம் கொள்கைகளை மக்கள் எடைபோட்டு ஒப்பினர் எனக் கருதுதல் அரிது. காங்கிரசுக்கு எதிரான வாக்குச் சிதறாதிருத்தலே நிகழ்ந்தது.

துறைமுகத் தாமதமே இங்குத் தோல்விக்குக் காரணம் எனக் கூற விழைவார் உளராயின், அவர்க்கும் ஒரு சொல். சேதுக் கால்வாயையும் தூத்துக்குடித் துறைமுகத்தையும் ஆராய 1955இல் இராமசாமி முதலியார் குழு அமைந்தது. துறைமுகப் பணியை 1964இல் இலால்பகதூர் சாத்திரி தொடங்கிவைத்தார். 1967 சூலையில் புதிய அரசு இவற்றை வேண்டி எழுச்சி நாள் நடத்தியதும் உண்மை. பெருந்துறைமுகம் என்னும் நிலை கிட்டியதோ 1974இல். இக்குறை கரையோர மக்கள் உள்ளத்தை உறுத்தியிருத்தல் கூடும். ஆனால் துறைமுகம் எதுவுமில்லாத விருதுநகரில், அம்மண்ணின் மைந்தராகிய காமராசரே 1,285 வாக்குகளில் தோற்றாரே! உள்ளூர்க் குறை தோல்விக்கு நிறமூட்டும், உருக்கொடாது.

இனி ஒரு தடை எழும். கட்சிகள் கூடினாலே ஆளுங்கட்சி வீழும் எனின், 1971இல் இராசாசியும் காமராசரும் ஓரணியில் நின்றும் கழகம் 184 இடங்களை வென்றது எங்ஙனம்? அத்தேர்தலில் அரசின்மேல் 1967இற் போன்ற மனக்கசப்புப் பரவியிருக்கவில்லை; இந்திரா காந்தியின் காங்கிரசும் கழகத்தோடு உடன் நின்றது. சேர்ப்பதற்குச் சிதறிக் கிடந்த வாக்கு எதிரணிக்கு மிகுதியாக இல்லை. காமராசரின் பழைய காங்கிரசுக்குக் கிடைத்தவை 15 இடங்களே.