கைரேகையும் கரும்பலகையும்

தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் 'அரசு கள்ளர் பள்ளி' என்ற பெயர்ப்பலகையைக் காணும் வெளியூரார் சற்றே திகைப்பர். அரசுப் பள்ளிக்குச் சாதிப் பெயர் எதற்கு? விடை காண நாம் ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1871இல் வட இந்தியாவில் தோன்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் நீண்டது. பிறமலைக் கள்ளர் அதன் பிடிக்குள் வந்தனர். மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். குற்றம் ஏதும் செய்யாதவரும் ரேகை பதியவேண்டும். ஆண்கள் இரவில் காவலர் கண்காணிப்பில் உறங்கவேண்டும். இதை எதிர்த்த உசிலம்பட்டி அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாண்டோர் பதினைந்துக்கும் மேல். மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களுள் ஒருவர். மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று போற்றிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார்.

அடக்குமுறையின் மறு கையாக வந்ததே கள்ளர் சீரமைப்புத் திட்டம். பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், உழவுக்கான உதவி என அது விரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. 1895இல் பெரியாற்று அணை நீர் வந்தபின் அங்கே நெல் வேளாண்மை பெருகியது. அதே காலத்தில், 1896ஐ ஒட்டி, ஊர்க்காவல் உரிமை பெற்றிருந்த கள்ளரை விரட்டும் இயக்கமொன்றும் இப்பகுதிகளில் எழுந்தது. காவற்காரனை உழவனாக்கினால் மனமும் திருந்தும் என்று ஆட்சியாளர் நம்பினர். ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட ஆய்வுநூல் இப்பள்ளத்தாக்கை முன்வைத்து இதனை விரிவாக ஆராய்கிறது.

ஒப்புநோக்க ஒரு செய்தி. அமெரிக்காவின் சிக்கசா மக்கள், தாயகத்தினின்று பெயர்க்கப்பட்ட பின்னரும் 1852இல் பெண்களுக்கெனப் புளூம்ஃபீல்ட் பள்ளியைத் தம் அரசின் ஆதரவிலேயே நிறுவினர். இன்றும் கல்வி, மருத்துவப் பணிகளைத் தம் அரசின் வழியே நடத்துகின்றனர். இங்கோ பள்ளியைத் தந்தது, ரேகை வாங்கிய அதே அரசு.

எனினும் வரலாறு விந்தையானது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது, பள்ளிகள் நின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை பெருகி ஏறத்தாழ முந்நூறாயின. அவற்றைப் பள்ளிக்கல்வித்துறையுடன் இணைக்க 2023 நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. சாதிப் பெயர்களை நீக்கவேண்டும் என்று 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. பள்ளியில் சாதி அடையாளம் வேண்டாம் என்பது நேரிய வாதமே. ஆயின் தண்டனையாக வந்ததைத் தம் உடைமையாக மாற்றிக்கொண்ட ஒரு மக்களின் நினைவும் அப்பெயரில் இருக்கிறது. பெயர்ப்பலகை மாறலாம், ஆனால் அது ஏன் வந்தது என்பதை அப்பள்ளியில் பயிலும் பிள்ளை அறியாது போனால், ரேகை பதித்த பாட்டனுக்கு நாம் இரண்டாம் முறை அநீதி இழைத்தவர்களாவோம்.