இரண்டாம் நிக்கோலஸ் (1868–1918)

ரஷ்யப் பேரரசின் கடைசி ஜார் மன்னர். 1613 முதல் ஆண்டுவந்த ரொமானோவ் வம்சத்தின் ஆட்சி இவரோடு முடிந்தது. (தேதிகள் இன்றைய நாட்காட்டிப்படி.)

1868 மே 18 அன்று, பீட்டர்ஸ்பர்க் நகரை அடுத்த ஜார்ஸ்கோயே செலோவில் பிறந்தார். தந்தை மூன்றாம் அலெக்சாந்தர்; தாய் டென்மார்க் இளவரசி. பாட்டனார் இரண்டாம் அலெக்சாந்தர் 1881இல் குண்டுவீச்சில் சிதைந்து உயிர்விட்டபோது, பன்னிரண்டு வயதுப் பேரன் அருகில் இருந்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளைக் கற்றார். படைப்பிரிவு வாழ்க்கையை விரும்பினார். 1890–91இல் கீழை நாடுகளைச் சுற்றியபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். ஜப்பானில் காவலர் ஒருவரே வாளால் வெட்ட, தலையில் வடுவோடு தப்பினார். ஆட்சிப் பொறுப்பில் மட்டும் போதிய பயிற்சி இல்லை. சைபீரிய ரயில்பாதைக் குழுவுக்கு இளவரசரைத் தலைவராக்கலாம் என்று சொன்னபோது, அவன் இன்னும் சிறுபிள்ளை என்று தந்தை தயங்கியதாக அமைச்சர் வித்தே தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

தந்தை 1894 நவம்பரில், 49 வயதிலேயே சிறுநீரக நோயால் இறந்தார். 26 வயதில் அரியணை வந்தது. அதே மாதம் ஜெர்மானிய இளவரசி அலிக்ஸை மணந்தார். அவரே அலெக்சாந்திரா அரசி. மறு ஜனவரியில், ஆட்சியில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று எதிர்பார்த்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளிடம், அது அர்த்தமற்ற கனவு என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1896இல் முடிசூட்டு விழாவையொட்டி மாஸ்கோவின் கதீன்கா திடலில் இலவசப் பரிசு வாங்கக் கூடியவர்களில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் நெரிசலில் மாண்டனர். அன்றிரவே பிரெஞ்சுத் தூதர் அளித்த நடன விருந்துக்குப் போனார். மறுநாள் மருத்துவமனைகளில் காயமடைந்தோரைப் பார்த்தும் அந்தக் கறை போகவில்லை.

தயாரில்லாமல் அரியணை ஏறியவர் என்ற சமாதானம் முதல் சில ஆண்டுகளுக்குத்தான் பொருந்தும். ஆண்டது 22 ஆண்டுகள். கற்றுக்கொள்ளக் காலம் இருந்தது. தேர்ந்த அமைச்சர்களும் இருந்தார்கள். வரம்பற்ற அதிகாரம் இறைவன் ஒப்படைத்தது, அதைக் குறைவுபடாமல் மகனிடம் சேர்க்க வேண்டும் என்ற நம்பிக்கைதான் அவரை எதையும் கற்கவிடவில்லை.

1905இல் அது வெளிப்பட்டது. ஜனவரி 22 அன்று பாதிரியார் கப்போன் தலைமையில் மனுவோடு குளிர்கால அரண்மனை நோக்கி வந்த தொழிலாளர்களைப் படை சுட்டது. மன்னர் அப்போது நகரிலேயே இல்லை. ஜப்பானுடனான போரில் போர்ட் ஆர்தர் கோட்டை ஏற்கெனவே வீழ்ந்திருந்தது. மே மாதம் சுஷிமா கடற்போரில் கப்பற்படை அழிந்தது. பொது வேலைநிறுத்தம் நாட்டையே முடக்க, வித்தேயின் வற்புறுத்தலால் அக்டோபர் அறிக்கையில் குடிமை உரிமைகளையும் துமா என்னும் நாடாளுமன்றத்தையும் தருவதாக வாக்களித்தார். முதல் துமாவை மூன்று மாதத்துக்குள் கலைத்தார். வித்தே அதற்கு முன்பே விலக நேர்ந்தது. நிலச்சீர்திருத்தம் செய்த பிரதமர் ஸ்தொலிப்பின் 1911இல் கீவ் நகர அரங்கில், மன்னர் அங்கே இருக்கையிலேயே சுடப்பட்டு, சில நாட்களில் இறந்தார்.

நான்கு பெண்களுக்குப் பிறகு 1904இல் பிறந்த அலெக்சேய்க்கு இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய். அரண்மனை அதை மறைத்தது. மகனின் வலியைத் தணிப்பவராக அரசி நம்பிய சாமியார் ரஸ்புத்தின் ஏன் உள்ளே வந்துபோகிறார் என்பது மக்களுக்குப் புரியவில்லை, வதந்தி பெருகியது.

முதல் உலகப் போரில் தோல்விகள் குவிய, 1915 செப்டம்பரில் அமைச்சர்கள் பலர் தடுத்தும் தாமே தலைமைத் தளபதியானார். அதுமுதல் ஒவ்வொரு தோல்வியும் அவர் கணக்கிலேயே ஏறியது. தலைநகரில் அரசியின் சொல்லுக்கு அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1917 மார்ச்சில், பெத்ரோகிராத் எனப் பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கில் ரொட்டிக்காக எழுந்த கிளர்ச்சியில் காவற்படையும் சேர்ந்துகொண்டது. தளபதிகளே முடிதுறக்கச் சொல்லித் தந்தி அனுப்ப, மார்ச் 15 அன்று ப்ஸ்கோவ் நகரில் ரயில்பெட்டியில் கையெழுத்திட்டார். நோயாளி மகனைப் பிரிய மனமின்றித் தம்பி மிகயீலுக்கு அரியணையை விட்டார். தம்பி மறுநாளே ஏற்க மறுத்தார்.

ஒன்றுவிட்ட சகோதரரான பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தயக்கத்தால் அங்கே அடைக்கலம் கிடைக்கவில்லை. தொபோல்ஸ்க்கிலும் பின் எக்கத்தரின்பர்க்கிலும் குடும்பம் சிறைவைக்கப்பட்டது. 1918 ஜூலை 17 அதிகாலை, யுரோவ்ஸ்கி தலைமையிலான போல்ஷெவிக் குழு மன்னர், அரசி, ஐந்து பிள்ளைகள், உடனிருந்த நால்வர் என 11 பேரையும் நிலவறையில் கொன்றது. 1991இல் தோண்டியெடுத்து மரபணுச் சோதனையால் உறுதிசெய்த எச்சங்கள் 1998இல் பீட்டர்ஸ்பர்க் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2000இல் ரஷ்ய மரபுவழித் திருச்சபை குடும்பத்தினரைப் புனிதராக்கியது. அவர்கள் இறுதி நாட்களைத் தாங்கிய விதத்துக்காகவே தவிர, மன்னரின் ஆட்சிக்காக அல்ல.